ஓரப் பார்வைக்கு இங்கிலீசு

என் வீட்டுக்காரருக்கு நேரே இருப்பதெல்லாம் தெரியும். தம்புள்ளையிலிருந்து லொறியில் மரக்கறி ஏற்றி வரும்போது எதிரே வரும் பஸ்ஸின் போர்டைத் தூரத்திலேயே வாசித்துவிடுவார். பக்கத்தில் நீட்டுகிற தேத்தண்ணிக் கோப்பைதான் தெரியாது. தட்டிவிட்டுவிட்டு என்னையே முறைப்பார். ஒருநாள் லொறிக்கு இடப்பக்கம் வந்த சைக்கிள்காரரை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறக்கிவிட்டார். அன்றைக்கே மாத்தளையில் கண் டொக்டருக்கு நம்பர் எடுத்தேன்.

இனித்தான் என் கூத்து. பெரிய டொக்டர்மார் இங்கிலீசில் பேசினால்தான் காது கொடுப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சந்தையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவள், டொக்டர் அறை வாசலில் மட்டும் இங்கிலீசுக்காரி ஆகிவிடுவேன். நேரே பார்ப்பதற்கு 'ஸ்ட்ரெயிட்' என்று எழுதிக்கொண்டேன். ஓரத்தில் தெரிவதற்கு? அகராதியில் கடைக்கண் என்று தேடினால் காதலர்கள் பார்க்கிற பார்வை வருகிறது. சனியன், இந்த மனுசன் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லையே! போனில் தேடினால் கண்மை விளம்பரம். சொல் கிடைக்கவில்லை என்று இரண்டு முறை நம்பரைத் தள்ளிப்போட்டேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவ்வளவு நாளும் அவர் லொறி ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்து வழி பார்த்துச் சொன்னேன். சிங்களத்தில் சொன்னால் போதாதா என்று அவர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

கடைசியில் போனோம். 'சைட் லுக் நோ' என்றேன். டொக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். இவர் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். பார்வை நன்றாக இருக்கிறது என்று டொக்டர் பேனாவை எடுத்ததும் என் பொறுமை போய்விட்டது. கோப்பை, சைக்கிள் எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டினேன்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். இவரை நேரே பார்க்கச் சொல்லி, காதுப் பக்கத்திலிருந்து விரலை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வரும்வரை இவர் தெரியவில்லை என்றே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சங்கொஞ்சமாகப் போகிறதாம். நேரே பார்ப்பது சென்ட்ரல் விஷன், ஓரத்தில் தெரிவது பெரிபெரல் விஷன் என்று டொக்டரே துண்டுக் கடதாசியில் எழுதினார். சீ, இவ்வளவுதானா! போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், லொறியை இனித் தொடக்கூடாது என்றார்.

படியில் இறங்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொத நம்பருக்கே வந்திருக்கலாம்."

கோபமே இல்லாமல் சொன்னார். அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று திரும்பிப் போய்க் கேட்க எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை.