நடு நாற்காலியும் பக்கத்து நாற்காலிகளும்

இந்த ஊர் அரசாங்க அலுவலகத்தில் எந்த மனுத்தாளை வாங்கினாலும், தலைப்பில் ‘ராஜாங்க’ என்று அச்சான சொல்லைக் குமாஸ்தா அளவுகோல் வைத்து மையால் அடித்துவிட்டுத்தான் நீட்டுவார். ஜெர்மன் ராஜா நாட்டைவிட்டு ஓடியது 1918 நவம்பரில். பத்தாவது வருஷம் நடக்கிறது. பழைய காகிதம் இன்னும் தீரவில்லை. “வீணாக்கலாமா?” என்கிறார் குமாஸ்தா. ஒவ்வொரு தாளிலும் ராஜாவை ஒருமுறை இறக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்.

நான் ஆம்பூர்க்காரன், பெயர் தேவசகாயம். ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய இந்தப் பிரஷ்ய ஊரில், நம் பக்கத்திலிருந்து கப்பலில் வரும் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. நாள் தவறாமல் டைரி எழுதுவேன்: தேதி, கப்பல், கட்டின் குறி, அன்றைய மழை. போன வருஷம் ஒரு கட்டு ஈரம் ஏறிப் பூசணம் பிடித்து வந்தது. சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளி வைத்தேன். கிடங்கு மேஸ்திரி குறியைத் துடைத்து, கட்டை விற்பனைக்கு அனுப்பிவிட்டார். வாங்கியவர் திருப்பி அனுப்பியதும் பழி என் மேல் விழுந்தது. வேலையை விட்டு நீக்கியதோடு நிற்கவில்லை. நற்சாட்சிக் கடிதத்தில் ‘நம்பத்தக்கவர் அல்ல’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு போனால் ஜெர்மனியில் எந்தக் கிடங்கிலும் சேர்க்கமாட்டார்கள்.

கூட வேலை செய்த ஓட்டோ, “கோர்ட்டுக்குப் போ” என்றான்.

“உங்க ஜட்ஜெல்லாம் ராஜா காலத்து ஆளுங்கதானே?”

“ஆமா. ராஜாவை அனுப்பினோம், ஜட்ஜுகளை அனுப்ப மறந்துட்டோம். ஆனா இந்த ஜூலையிலிருந்து தொழிலாளர் கோர்ட்டுன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. நடுவுல அதே கிழம்தான். ஒரு பக்கம் முதலாளிங்க ஆள், இந்தப் பக்கம் நம்ம ஆள், மூணு பேரும் சேர்ந்துதான் தீர்ப்பு. வக்கீல் கிடையாது. நீயே உன் வாயால சொல்லணும்.”

என் வாயால்! அப்பாவை நினைத்துக்கொண்டேன். நான் தேதி குறிக்கக் கற்பதற்கு முந்தைய சங்கதி அது. ஊரில் வாய்க்கால் தகராறு ஒன்றில் அவர் சாட்சி; கூட நானும் போயிருந்தேன். எங்கள் ஜாதிக்காரன் அந்தக் கோர்ட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வராந்தாவுக்கும் கீழே வெயிலில் நிற்க வேண்டும். டவாலி போட்ட சேவகன் கேள்வியை வெளியே வந்து கத்துவான். அப்பா பதிலுக்குக் கத்துவார். அவன் அதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்வான்.

“இன்னாடா முனகுற? சத்தமா சொல்லு!”

“கரையை வெட்டினது அவருதான் சாமி. என் கண்ணால பார்த்தேன்.”

வெட்டியவருக்கே தீர்ப்பு. வீடு வரும்வரை அப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார்: “நான் சொன்னது உள்ள போய்ச் சேர்ந்துச்சான்னு யாருடா பார்த்தது?”

இங்கே, குளிர்காலத்தில் ஒருநாள், என் வழக்கைக் கூப்பிட்டார்கள். “ஹெர் தேவசகாயம்!” ஹெர் என்றால் ஐயா. வாசற்படி வரை போனேன், நின்றுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. கால் தானாக நின்றது. அங்கிருந்தபடியே உரக்கச் சொல்லத் தொடங்கினேன்.

நீதிபதியின் முகம் சிவந்தது. புதிய அரசாங்கத்தைப் பிடிக்காதவர்கள் இப்படி அடம் பிடிப்பதுண்டாம். “இந்தக் கோர்ட்டை ஏற்க மறுக்கிறீரா?”

“இல்லை ஐயா. என் குரல் பெரியது, கேட்கும்.”

தொழிலாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சேணம் தைப்பவர். விரலெல்லாம் எங்களைப் போலவே கறை. “கேக்குது, தெருவுக்கே கேக்குது. குளிர்காத்து அடிக்குதய்யா, உள்ள வந்து கதவைச் சாத்தும்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே போய், நானே கதவைச் சாத்தினேன்.

தமிழில் எழுதிய என் டைரியைக் காட்டினேன். “அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் கண்டது?” என்றார் மேஸ்திரி. நியாயமான கேள்வி. சேணக்காரர் கிடங்கின் சொந்தப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மனதில் பட்ட தேதிகளையெல்லாம் கேட்டார். நான் கப்பலையும் குறியையும் படித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. பூசணக் கட்டு, பதிவேட்டில் முதலில் கழிவாக எழுதப்பட்டு, பிறகு வேறு மையில் மாற்றப்பட்டிருந்தது. மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு எழுத்தர் என் வாக்குமூலத்தை எனக்கே படித்துக் காட்டினார். இங்கே அது பழைய வழக்கம், எனக்குத்தான் புதிது. “குறியைத் துடைத்தது மேஸ்திரி என்று வாதி நினைக்கிறார்...”

“நினைக்கவில்லை, பார்த்தார். மாற்றுங்கள்” என்றேன்.

நீதிபதி தலையசைத்தார். மாற்றினார்கள். கடிதத்தைத் திருத்தி எழுதித் தரவேண்டும் என்று அன்றைக்கே தீர்ப்பு.

வெள்ளைக்காரன் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேலூரிலிருந்து எழுதும் நண்பர்களே, போகட்டும். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்பதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் அப்பாவை வெயிலில் நிறுத்திய சேவகன் வெள்ளைக்காரன் அல்ல. பக்கத்து நாற்காலியில் எங்களில் ஒருவன் உட்காராத சுயராஜ்யத்துக்கு நான் சலாம் போடமாட்டேன்.

கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த புதுக் கடிதத்தை வாங்கப் போனேன். ‘நம்பத்தக்கவர், பிரிட்டிஷ் பிரஜை’ என்று இருந்தது. முதலாவதற்கு நான் போராடினேன். இரண்டாவதை யாரும் என்னைக் கேட்டு எழுதவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒரு பெரிய புத்தகத்தில் கையெழுத்து கேட்டார் எழுத்தர். இடது கையால் அதன் அட்டையைப் பிடித்தேன். ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல். விரலுக்குத் தெரியாதா? நம் பாலாற்றுக் கரைச் சரக்கு. தமிழில் கையெழுத்திட்டேன்.

“இதை எங்களுக்குப் படிக்கத் தெரியாதே” என்றார் எழுத்தர்.

“கற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, மை காய ஊதினேன். பிரஷ்யக் காகிதத்தில் என் பெயர். அதன் முதுகில் ஆம்பூர்.