ஓக் மரத்துக்கு வைத்த பொட்டு

குணேஸ்வரி அக்காவுக்கு நடை என்றாலே ஆகாது. பஸ் போகாத இடத்தில் மனிசருக்கு என்ன வேலை என்பது அவருடைய கொள்கை. கணவர் விமலநாதன் அண்ணை ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் கொள்கைக்குக் குடும்ப நியாயமும் இருந்தது. ஆனால் இரத்தத்தில் சீனி கூடிப் போனதும் டொக்டர் அம்மா மாத்திரையோடு விடவில்லை. "வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறதே, தினமும் போங்கள்" என்று சொல்லிவிட்டார்.

காடு என்றதும் யானை, புலி என்று கற்பனை பண்ண வேண்டாம். ஒரு பக்கம் சோளத் தோட்டம், மறுபக்கம் குதிரைகள் மேயும் புல்வெளி, நடுவில் ஓக், பீச் மரங்களும் முள் இலைப் பற்றைகளும் அடைந்து நிற்கும் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். இந்த முனையில் நின்று தும்மினால் அந்த முனையில் போகிறவர் "கெசுண்ட்ஹைட்" என்று வாழ்த்துவார்.

முதல் வாரம் அக்கா புறுபுறுத்துக்கொண்டே நடந்தார். "கோயிலுக்கு எண்டால் நடக்கலாம். சும்மா போய்ச் சும்மா திரும்பி வாறதுக்குப் பேர் என்ன?" என்று கணவரைக் கேட்டார். "அதுக்குப் பேர்தான் நடை" என்றார் விமலநாதன் அண்ணை, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது வாரம்தான் அக்கா அந்த ஓக் மரத்தைக் கண்டார். காட்டின் நடுவில், பாதை திரும்பும் இடத்தில், நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத கிழட்டு மரம். அடிமரத்தில் வயிறு போல ஒரு முண்டு. அதன் மேலிருந்து இடப்பக்கமாக வளைந்து இறங்கும் தும்பிக்கை. இரண்டு பக்கமும் காது விரித்த மாதிரிப் பட்டை. அக்கா அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு கையாலும் தலையில் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கைப்பையில் குங்குமச் சிமிழோடு வந்தார். மழைக்குக் கரையாமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்து, பிள்ளையாரின் நெற்றியில் சின்னதாய் ஒரு பொட்டு.

அன்றிலிருந்து அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. காரணம் இருந்தது. இந்த நாட்டில் எதற்கும் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். பல்லுக்கு டெர்மின், தலைமயிர் வெட்ட டெர்மின், கொலோனில் இருக்கிற சொந்த மகளிடம் போவதற்கும் அவள் நாட்காட்டியில் இடம் பிடிக்க வேண்டும். டெர்மின் இல்லாமல் போய்ப் பார்க்கக்கூடியவர் இந்தப் பிள்ளையார் ஒருவர்தான். முழங்கால் வலி, மகளின் கலியாணப் பேச்சு, விமலநாதன் அண்ணையின் குறட்டை, எதைச் சொன்னாலும் மணிக்கூட்டைப் பார்க்காமல் கேட்டார். இத்தனை வருசத்தில் குணேஸ்வரி அக்காவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. சீனியும் இறங்கியது. டொக்டர் அம்மா தன் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டார்.

காட்டில் அவருக்கு ஒரு சிநேகிதியும் கிடைத்தார். பெயர் பிரௌ லோமான். ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. ஓட்டோ என்று ஒரு கிழட்டு நாய். அக்கா தோப்புக்கரணம் போடுவதைக் கண்டு, "இது முழங்காலுக்கா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல அக்காவின் ஜெர்மன் காணாது. வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பது மட்டும் தமிழ்ப் பழக்கத்தால் தவறாமல் வரும். இடையில் வருவதெல்லாம் அதிர்ஷ்டம். ஆகவே "ஓம், முழங்காலுக்கு" என்றார். அடுத்த நாளிலிருந்து பிரௌ லோமானும் பக்கத்தில் நின்று காதைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தார். பிள்ளையாருக்கு ஆட்சேபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படியே இரண்டு மாரி போனது. மூன்றாவது இலையுதிர்காலத்தில் ஒரு நாள் காட்டுக்குள் கால் வைத்த அக்காவுக்குப் பகீர் என்றது. அங்கே ஒரு பீச் மரத்தில் சிவப்புப் பொட்டு. இங்கே ஒன்றில். அதோ, பட்டுப்போன ஒன்றிலும். காடு முழுக்கப் பொட்டு!

யார் வேலை என்று அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. சுகன்யாதேவி! திருவிழாவில் மோதகம் கல்லாய்ப் போனது யாரால் என்ற பிரச்சினையில் கோயில் சபையை விட்டுப் போனவர், கீழ்த்தெருவில் குடியிருக்கிறவர். தொலைபேசி எடுத்து நைசாக, "இப்ப நடை பழகிறீரோ?" என்று விசாரித்தார். "ஓம் அக்கா, கொஞ்சம் கொஞ்சமாய்" என்றார் சுகன்யாதேவி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"பாருங்கோப்பா, என்ரை பிள்ளையாருக்குப் போட்டியாய் மரத்துக்கு மரம் கோயில் திறந்திருக்கிறாள்" என்று கணவரிடம் கொதித்தார்.

"எங்கடை சனம் ரெண்டு பேர் சேர்ந்தால் மூண்டு கோயில் வரும்தானே. நீர் ஏன் காட்டுக்கை போய்ச் சண்டை பிடிக்கிறீர்?"

கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திருந்தால் அது விசிறியடித்த பெயின்ற் என்று தெரிந்திருக்கும். ஆனால் எதிரியின் கோயில் வாசலை மிதிப்பாரா அக்கா? பதிலாக, சிமிழில் இருந்த குங்குமம் முழுவதையும் குழைத்துத் தன் பிள்ளையாருக்குத் தோசை அளவில் ஒரு பொட்டு வைத்தார். காட்டு வாசலில் நின்றே தெரிந்தது. மனம் குளிர்ந்து வீடு போனார்.

மறுநாள் காலை பிரௌ லோமான் மரத்தடியில் அழுதுகொண்டு நின்றார். ஓட்டோவும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

"பார்த்தீர்களா? நம்முடைய ஓக்கையும் வெட்டப் போகிறார்கள்!"

"ஏன் வெட்டுகிறார்கள்?"

"சிவப்புக் குறி வைத்த மரமெல்லாம் திங்கட்கிழமை வெட்டுகிறார்கள். வறட்சியில் பட்டுப்போன பீச்சுகளை விடுங்கள், இது நல்ல மரம். இதற்கு எவ்வளவு பெரிய குறி, பாருங்கள்! எந்தக் கல்நெஞ்சன் வைத்தானோ!"

கல்நெஞ்சனுக்குத் தலை சுற்றியது. சொந்தக் கையால், அதுவும் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, பிள்ளையாருக்கு மரண தண்டனை எழுதியாயிற்று.

குணேஸ்வரி அக்கா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். கறை எடுப்பதில் பேர் போனவர். சிவப்பு வைன், பீட்றூட், கம்பளத்தில் கொட்டிய கோப்பி, எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. அன்று பின்னேரமே வாளியும் பிரசும் சவர்க்காரமுமாகப் போய் முழங்காலில் நின்று தேய்த்தார். இரண்டு வருச எண்ணெயில் ஊறிய குங்குமம் அசையவில்லை. சுற்றியிருந்த பாசிதான் கழன்று போனது. பார்க்கப்போனால் பொட்டு முன்னையிலும் எடுப்பாகத் தெரிந்தது. அக்கா வாளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதார்.

"வாயைத் திறவாதையும்" என்றார் விமலநாதன் அண்ணை, கதையைக் கேட்டதும். "உந்த லோமான் மனிசி சனிக்கிழமை ஆக்களைக் கூட்டுறாவாம். ஃபோர்ஸ்டரும் வாறாராம். அவையள் கத்தி மரத்தைக் காப்பாத்துவினம். நீர் சொன்னீரோ, அரசாங்கக் காட்டுக்குப் பூசினது எண்டு தண்டம் வரும். பேப்பரிலையும் போடுவாங்கள்."

சனிக்கிழமை காட்டுப் பாதையில் சனம். மழைச் சட்டைகள், நாய்கள், ஒரு பதாகை. காட்டுக்குப் பொறுப்பான ஃபோர்ஸ்டர் ஹெர் டிக்மான், பச்சை உடுப்போடு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குணேஸ்வரி அக்கா கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "பிள்ளையாரப்பா, இவருடைய வாயில் நல்ல வார்த்தையைக் குடு" என்று வேண்டினார்.

"இதை நான் குறித்த ஞாபகம் இல்லை" என்றார் ஹெர் டிக்மான். "என் சக ஊழியர் குறித்திருப்பார். இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார் என்றால் உள்ளே மோசமாக உக்கியிருக்க வேண்டும். பாதையில் விழுந்து ஆளைக் கொன்றால் யார் பொறுப்பு? வருந்துகிறேன். முதல் வெட்டு இதுதான்."

சனம் கத்தியது. ஓட்டோ குரைத்தது. ஹெர் டிக்மான் தலையை ஆட்டினார். ஜெர்மன்காரர் பொறுப்பு என்ற சொல்லைச் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சில்லை. விமலநாதன் அண்ணை மனைவியின் கையைப் பிடித்தார். அக்கா உதறினார்.

"நான்!" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். மேற்கொண்டு ஜெர்மன் வரவில்லை. கைப்பையைத் திறந்து சிமிழை எடுத்து நீட்டினார். மரத்தின் பொட்டைக் காட்டினார். பிறகு தன்னுடைய நெற்றியைக் காட்டினார். இரண்டும் ஒரே சிவப்பு.

ஹெர் டிக்மான் அக்காவின் நெற்றியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

"அப்படியானால் திங்கட்கிழமை உங்களையும் வெட்ட வேண்டுமா?"

சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சொல் சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்.

"சிவப்பு, எங்களுக்கு, வெட்ட அல்ல. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல."

வினைச்சொல் கடைசியில்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் விளங்கியது. சிரிப்பு நின்றது. பிரௌ லோமான், தான் இரண்டு வருசமாக யாருக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தார் என்பதை அப்போதுதான் யோசித்திருக்க வேண்டும். மெதுவாக ஓர் அடி பின்னால் வைத்து, மரத்துக்குத் தலையைக் குனிந்தார்.

ஹெர் டிக்மான் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து அடிமரத்தைச் சுற்றித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "நல்ல சுகமாக இருக்கிறார்" என்றார். அது என்று சொல்லவில்லை, அவர் என்றார். "ஆனால் வெட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே. சிவப்பைக் கண்டால் வாள் வைப்பார்கள். இருங்கள், இந்தக் காட்டில் தானாக விழும்வரை தொடக்கூடாத மரத்துக்கு நான் ஒரு குறி வைத்திருக்கிறேன்."

தோள்பையிலிருந்து வெள்ளைப் பெயின்ற் டின்னை எடுத்துக் குலுக்கினார். பொட்டுக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மூன்றாவது. நெற்றியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, சரியாக மூன்று.

குணேஸ்வரி அக்காவின் கை தானாகவே கூப்பிக்கொண்டது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இந்த மனிசனுக்கு இதை யார் சொல்லிக் குடுத்தது?

"இஞ்சாருங்கோ, பாத்தீங்களோ?" என்று திரும்பினார்.

விமலநாதன் அண்ணை கார்த்திகை மாதச் சேற்றில் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.