மாம்பழத்துக்கு முன்னாலா, பின்னாலா

பாங்கி நகரத்தின் மிஸ்கின் பேட்டையில் பிலோமென் காலை நேரத்தில் மாவு உருண்டை பொரித்து விற்பாள். கூடவே அரிசிக் கஞ்சி. கஞ்சியில் தண்ணீர் கூடுதல் என்பது ஊரறிந்த குறை. "கெட்டியா வேணும்னா கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல குடி" என்பாள். அவளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கேள்வி கேட்டாள் என்பதைத் தவிர.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸெனாபா. இறைச்சிக் கடைக்காரன் அபாக்கரின் மனைவி, முஸ்லிம் வீட்டுப் பெண், நிறைமாதத்தை நெருங்கியவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே உரல். உரல் ஸெனாபாவுடையது, மரவள்ளி இலை இடிப்பது பிலோமெனின் முற்றத்தில். முதலில் வடக்கிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் பிலோமெனின் அண்ணனைக் கொன்றார்கள். பிறகு தாயத்துக் கட்டிய பையன்கள் கிளம்பி, கொன்றவர்களின் மதம் என்பதற்காக ஸெனாபாவின் ஆட்களைத் தேடினார்கள். ஆண்களைத்தான் முதலில் வெட்டினார்கள் என்பதால் அபாக்கர் முந்திய லாரியிலேயே எல்லை தாண்டிச் சாடு நாட்டுக்குப் போய்விட்டான். ஸெனாபா பிலோமெனின் பின்னறையில் ஒளிந்திருந்தாள். இன்னும் இரண்டு நாளில், மிஞ்சிய முஸ்லிம்களை ஏற்றிக்கொண்டு கடைசி லாரிகள் பள்ளிவாசலிலிருந்து புறப்படவிருந்தன.

அந்த நேரத்தில்தான் வானொலி அந்தச் சொல்லைச் சொன்னது. அமைதி காக்கும் படையை அனுப்புவதா, எத்தனை பேர், யார் செலவு என்று நியூயார்க்கில் நாடுகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. சாங்கோ மொழியில் செய்தி வாசித்தவர், "ஃபதே வருவார்கள்" என்றார். ஃபதே என்றால் இனிமேல். இதோ என்பதற்கும் ஏறக்குறைய அதுதான். எதிர்காலம் முழுவதையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்த மொழி அது. ஸெனாபா அதை 'இதோ' என்றே கேட்டாள். வேண்டியதைக் கேட்பதற்குக் காது அதிகம் உழைக்க வேண்டியதில்லை.

"கேட்டியாக்கா? ஃபதே வராங்களாம். இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் லாரியில ஏறல."

"வந்து உனக்குப் பிரசவம் பாப்பாங்களா?"

"நீ பாப்ப. அவங்க வாசல்ல நிக்கட்டும்."

பிலோமென் சிரித்தாள். மனது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் பிறகு அவளை உறுத்தியது.

மறுநாள் அயல்நாட்டுத் தூதுக்குழு ஒன்று மாதாகோயில் வளாகத்துக்கு வந்தது, மக்கள் சொல்வதைக் கேட்டுப்போய் நியூயார்க் சபையில் சொல்வதற்காக. தலைமை தாங்கியவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மாள். பள்ளி ஆசிரியர் பார்த்தெலெமி இருபுறமும் மொழிபெயர்த்தார். பிலோமென் எழுந்தாள்.

"ஃபதேன்னா எப்போ?"

தூதர் பிரெஞ்சில் நீளமாகப் பதில் சொன்னார். பார்த்தெலெமி, "ஃபதே வருவாங்கம்மா" என்றார்.

"அவங்க ஒரு கூடை கொட்டினாங்க, நீங்க ஒரு பிடி தர்றீங்க. வாத்தியாரே, மாங்கா பழுக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

கூட்டம் சிரித்தது. பார்த்தெலெமி சிரிக்கவில்லை. மாங்காய் உட்பட எல்லாவற்றையும் தூதரிடம் சொன்னார். அந்த அம்மாள் தலைக்கு மேலிருந்த மரத்தைப் பார்த்தார். பிஞ்சு விட்டிருந்தது. இந்த முறை மெதுவாகப் பேசினார்.

"சபை ஓட்டுப் போடணுமாம். அப்புறம் ஒவ்வொரு நாடாப் போய்ச் சிப்பாய் கேக்கணுமாம். அப்புறம் கப்பல்." ஆசிரியரின் குரல் இறங்கியது. "மாம்பழம் முடிஞ்சு, மழையில நாம திங்கற காட்டுப்புழு சந்தைக்கு வருமே, அதுவும் முடிஞ்சப்புறம்மா. அதுகூட இந்தம்மாவால கேக்கத்தான் முடியுமாம், உத்தரவு போட முடியாதாம்."

"நிஜத்தைச் சொன்னாங்கல்ல. நன்றின்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு லாரியில ஏறு" என்றாள்.

ஸெனாபா உலக்கையை நிறுத்தினாள். "என் உரல் மேல கண்ணா உனக்கு?"

"ஆமாடி. ரொம்ப நாளா."

"இல்ல, உன் அண்ணனைக் கொன்னது எங்க ஆளுங்கன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

பிலோமென் தரையில் உட்கார்ந்து, ஸெனாபாவின் வீங்கிய பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்துவிட்டாள்.

"அவங்க வர்றப்போ உன் பிள்ளை தவழும்டி. இந்தப் பசங்க அதுவரைக்கும் பொறுக்க மாட்டானுங்க. இருன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை. அதனாலதான் சொல்லல."

காலையில் மாதா படம் அச்சிட்ட தன் கோயில் துணியை ஸெனாபாவுக்குச் சுற்றிவிட்டாள். தலைத்துணியையும் தன்னைப்போலவே கட்டினாள். தெருமுனையில் தாயத்துப் பையன்கள் மறித்தார்கள்.

"யாரும்மா இது?"

"என் தங்கச்சி. வலி எடுத்திருக்கு. நீ பிரசவம் பாக்கறியா?"

கத்தி வைத்திருந்தவன் கூச்சப்பட்டு ஒதுங்கினான். பொய்தான். லாரியில் ஏற்றிவிட்டபோது ஸெனாபா துணியை அவிழ்க்கப் போனாள். "கட்டிக்க, குளிரும்" என்றாள் பிலோமென், அந்த வெயிலில்.

மாம்பழம் வந்து போயிற்று. புழு வந்து போயிற்று. அமைதிப் படையின் நீலத் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கஞ்சி குடித்துவிட்டுத் தண்ணீர் என்று முகம் சுளித்தான், மறுநாளும் வந்தான். அவர்கள் தெருமுனையில் காவல் நின்ற பிறகு தெரு கொஞ்சம் மூச்சுவிட்டது, கொஞ்சம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கூரையில்லை.

ஒருநாள் சாடிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணு. தவழுது. நீ சொன்ன மாதிரியே. உரல் இருக்காக்கா?"

"இருக்கு. யாரு தூக்குவா அதை?"

"ஃபதே வரேன்."

மாம்பழத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று பிலோமென் கேட்கவில்லை.

"வா" என்றாள்.