ஜீவராணி கங்காணியின் வட்டப் படம்

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கீழ்ப்பிரிவுக்கு ஒரு பெண் கங்காணியாக வந்தாள் என்றால் அது ஜீவராணிதான். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கல்யாணத்துக்கு முன்பே கொழுந்துக் கூடையை எடுத்தவள், பிள்ளை பெற்ற மாதங்கள் தவிர அதை இறக்கி வைத்ததில்லை. வாய் சின்னது, பிடிவாதம் பெரியது. அந்தக் குடும்பத்துக்கே அப்படி ஒரு வாகு.

தோட்டத்தை நடத்தும் தொரை அவளைக் கங்காணி என்று பெயர் வாசித்த அன்று, மேல்பிரிவு இருளப்பன் கங்காணி, பொம்பளை சொல்லி எவன் வேலை செய்வான் என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். அது ஜீவராணியைவிட அவளோடு கொழுந்தெடுத்த பெண்களுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. மறுநாள் அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசல்களில் ஒரு செவ்வந்திப் பூ மிச்சமில்லை. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தொரையும் இருளப்பனும் பார்த்துக்கொண்டிருக்க, தடிமனாகக் கட்டிய மாலையை இரண்டு பக்கமும் பிடித்து அவள் கழுத்தில் போட்டார்கள். அழுதுவிடக்கூடாது என்று ஜீவராணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் கொழுந்து நிறைக் கணக்கு கம்ப்யூட்டரில்தான் ஏறுகிறது. கங்காணிமாருக்கும் ஆளுக்கொரு எக்கவுண்ட் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கு மேலும் வட்டத்துக்குள் ஒரு முகம் தெரியும். இருளப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு இருப்பார். ஜீவராணியின் வட்டத்தில் மட்டும் கண் மூக்கில்லாத சாம்பல் நிறத் தலை. பேர் இருந்து முகம் இல்லாவிட்டால் அது என்ன கணக்கு என்று அவள் ஆபீசில் வேலை பார்க்கும் நூரியாவிடம் கேட்டாள். பலாங்கொடையிலிருந்து வந்து போகும் பிள்ளை நூரியா. சிரித்த முகம், சுறுசுறுப்பான கை. மாலை போட்ட படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டாள், இன்டர்நெட்டில் இருக்கும் ஈமெயில் எக்கவுண்டில் போட்டாள், போனில் வாட்ஸ்அப்பிலும் போட்டாள். எல்லா இடத்திலும் ஒரே முகமாக இருக்கட்டும் என்றாள்.

வட்டம் சின்னது. கூடி நின்ற பெண்களும் களமும் வெளியே போய்விட, இறுகிய முகமும் மாலையும் மட்டும் உள்ளே நின்றன. இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜீவராணி அன்று தலை நிமிர்ந்துதான் மலைக்கு ஏறினாள்.

வாட்ஸ்அப் வழியே படம் நிவித்திகல வரை போய்ச் சேர்ந்தது. அங்கே கருப்பாயி இருக்கிறாள், ஜீவராணியின் அப்பாவுடைய தங்கை. நம் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் மாலை விழுவது போனில் இருக்கும் படத்துக்குத்தானே? மாலையும் கழுத்துமாக அண்ணன் மகளைப் பார்த்ததும் அவள் போய்விட்டாள் என்றே கருப்பாயி நினைத்தாள். போன் போட்டாள். மலையில் சிக்னல் ஏது? கொழும்பில் கடை வேலை பார்க்கும் ஜீவராணியின் புருஷனுக்குப் போட்டாள். அவரும் எடுக்கவில்லை. பாவம், அழுதுகொண்டு வந்துகொண்டிருப்பார் என்று இவளே முடிவு கட்டிவிட்டாள். மகனிடம் வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றி வரச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

தோட்டத்து வளைவில் தொடங்கிய ஒப்பாரி, கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் வந்து நின்றது. தராசுப் பக்கத்தில் ஜீவராணி நின்றிருந்தாள்.

"நீ இருக்கியாடி ராணி?"

"இருக்கேன் அத்த. கொழுந்து நிறுத்துக்கிட்டு இருக்கேன். யாரு செத்துட்டா?"

"நீதான்டி."

கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் நிறை பார்க்க முடியாமல் போயிற்று. கருப்பாயி சிரிக்கவில்லை. சாவுக்கென்று கிளம்பியாயிற்று, இனித் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளித்து, அண்ணன் மகளின் சேலையை உடுத்திக்கொண்டுதான் அடுத்த பேச்சுப் பேசினாள். உயிரோடு இருப்பவளை ஊரெல்லாம் செத்தவளாகப் பார்த்தால் ஆயுசு குறையும், அந்தப் படத்தை உடனே எடு என்றாள். இருளப்பனும் வந்து சேர்ந்தார். கங்காணி வேலைக்கு மாலையெல்லாம் எதற்கு, எடுத்துவிட்டால் வம்பில்லை என்று நல்லவர் போலச் சொன்னார்.

ஜீவராணிக்கு அங்கேதான் மனம் கல்லாயிற்று. அத்தைக்காக எடுத்தால்கூட, இருளப்பன் சொல்லி எடுத்ததாகத்தான் ஆகும். பூக்கட்டிய பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

மத்தியானம் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நூரியா பதறிப்போய், அடையாள அட்டைப் படத்தைப் போட்டுவிடலாம் என்றாள். அதைப் போடு புள்ள என்று கருப்பாயியும் அவசரப்படுத்தினாள்.

"மாலைய எடுக்க மாட்டேன் அத்த," என்றாள் ஜீவராணி. "செத்ததுக்குப் போட்டதில்ல இது. நான் இருக்கேன்னு போட்டது."

முழுப் படத்தையும் திறந்து காட்டச் சொல்லி, திரையில் நன்றாகக் குனிந்து பார்த்தாள். மாலையின் இரண்டு பக்கமும் கைகள் இருந்தன. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். அதற்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக அவளுடைய ஆட்கள். வட்டத்துக்குள் இவர்களும் வருகிற மாதிரிப் படத்தைச் சின்னதாக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் உங்கள் முகம் மிளகளவுதான் தெரியும் என்றாள் நூரியா.

"தெரிஞ்ச வரைக்கும் போதும். மால யாரு போட்டதுன்னு தெரியணும்."

ஈமெயில் எக்கவுண்டில் படம் மாறியது. ஜீவராணியின் போனிலும் மாறியது. கருப்பாயி வாங்கிப் பார்த்தாள். பிணத்துக்கு யாராவது இப்படிச் சிரித்துக்கொண்டு மாலை போடுவார்களா? அவள் முகம் தெளிந்தது. அதற்குள் அவள் கண் மேசை மேல் இருந்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

"கையில உசிரு வந்துருச்சு. இந்தப் பொட்டியில இன்னும் செத்துத்தான்டி கெடக்குற."

ஒன்றில் மாற்றினால் மற்றதற்குத் தெரியாது, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும் என்றாள் நூரியா. ஜீவராணி அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுக் கதிரையில் தானே உட்கார்ந்தாள். நூரியா வழி சொல்ல, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வட்டத்தை நகர்த்தி நகர்த்தி, ஒரு கையும் வெட்டுப்படாமல் நிறுத்தினாள். கணக்குக் கொடுக்க வந்திருந்த இருளப்பன் எட்டிப் பார்த்து, இத்தனை கை யாருடையது என்று கேட்டார்.

"எங்க ஆளுங்க," என்றாள் ஜீவராணி. "நான் சொன்னா வேல செய்றவங்க."

அவர் தம் வட்டத்தைப் பார்த்தார். மீசையைத் தவிர அதில் துணைக்கு ஒருவருமில்லை.

அந்த நேரம் கருப்பாயியின் போன் அடித்தது. வேன் பெல்மதுளையைத் தாண்டிவிட்டதாம், பிணத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மகன் கேட்டான்.

"அத எவன்டா எடுப்பான், அவ நடந்துக்கிட்டு இருக்கா," என்றாள் கருப்பாயி. "திருப்பிராத, வாங்க. எங்க அண்ணன் மக கங்காணியாயிருக்கா. மால போட்டது பொய்யில்லடா, வந்து பாருங்க."

வருகிற அத்தனை பேருக்கும் சோறு வடிப்பது யார் என்று ஜீவராணி கேட்டாள். நீ போய் ஆள் பார், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை சேலையை இழுத்துச் செருகினாள். பின்னேர நிறைக்குப் பெண்கள் மடுவத்தில் கூடத் தொடங்கியிருந்தார்கள். கங்காணி போகாமல் தராசு தொங்காது. ஜீவராணி எழுந்து நடந்தாள்.