பதினோராவது தென்னம்பிள்ளை

மதுரங்குளியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நுரைச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பதினான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கும் ருஷ்தா டீச்சருக்கு இரண்டு விதமான ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒன்று, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்கிறவர். மற்றது, கணக்கே விளங்காமல் தலையாட்டுகிறவர். அவளுடைய அதிபர் ஜவாஹிர் சேர் இந்த இரண்டு பேருமாக ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ருஷ்தா ஒரு வகுப்பு நடத்தினாள். ஒரு பிஸ்கட் டின் நிறைய அவளே எழுதிப்போட்ட கணக்குச் சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எத்தனை நாள் சென்றாலும் டீச்சர் விடை சொல்லமாட்டாள். பிள்ளைகள் அதற்குத் 'தலையிடி டின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அறை கிடையாது, சைக்கிள் கொட்டில்தான்.

"பாஸாகாத புள்ளையளப் பாருங்க டீச்சர். கெட்டிக்காரனுக்கு என்னத்துக்கு வகுப்பு?" என்று சேர் இரண்டு தடவை அந்த வகுப்பையும் நிறுத்திவிட்டார். இரண்டு தடவையும் ருஷ்தா மல்லுக்கட்டித்தான் மீட்டாள்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மீத்திறன் மாணவர்களுக்குச் சவால் கொடுக்கும் பாடசாலைகளுக்குக் கேடயமாம், பத்திரிகையில் படமாம். மறுநாளே கொட்டிலில் பதாகை தொங்கியது. டின்னுக்குத் தங்கநிறக் கடதாசி சுற்றியாயிற்று. சேர் இருபது சீட்டுகளைப் பொறுக்கி, தானே விடையும் எழுதி, கோப்பாக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்கு அந்த விடைகளை மனப்பாடம் செய்யவும் கொடுத்தார். விடையே சொல்லாத வகுப்பில் விடை மனப்பாடம்!

ஏழாவது கணக்கு இது: நூறு மீற்றர் வரிசையில், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வரும்படி, பத்து மீற்றருக்கு ஒரு தென்னம்பிள்ளை நட்டால் மொத்தம் எத்தனை? சேர் எழுதிய விடை: பத்து.

"பதினொண்டு சேர்," என்றாள் அஸ்னா. எட்டாம் வகுப்பு, தோட்டக்கூலி இஸ்ஹாக்கின் மகள். "வாப்பா நட்ட நேரம் குழிய எண்ணினதே நான்தான். ஆகத் தொடக்கத்துல நிக்கிறத நீங்க எண்ணல்ல."

சேர் பிள்ளையைப் பார்க்கவில்லை, ருஷ்தாவைப் பார்த்தார். "கோப்பு போய்ட்டு டீச்சர். இப்ப மாத்தினா மானம் போயிரும். இவ பத்தெண்டே சொல்லட்டும். கேடயம் வந்தா ஒங்கட வகுப்புக்கு ஒரு அறை தாறன். பொறகு ஒத்தரும் நிப்பாட்ட ஏலாது."

அஸ்னா, டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். ஆனால் அந்த அறை ருஷ்தாவின் மனதில் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டது. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, டின்னுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள்.

கேடயத்துக்குப் பாடசாலைகளைப் பார்க்கும் குழு வந்தது. ஏழாவது கணக்கைக் கேட்டது. "பத்து," என்றாள் அஸ்னா. வந்த பெரியவர் கோப்பைப் பார்த்து ஒரு சரி போட்டு, "கெட்டிக்காரி!" என்று அவள் தோளில் தட்டினார். அன்று பஸ்ஸில் ருஷ்தா சேரை மனதுக்குள் திட்டத் தொடங்கினாள். மதுரங்குளிச் சந்தியில் இறங்கும்போது தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கணக்குத் தெரியாது, பிழை விட்டார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இவள். தன் கையையே தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கேடயம் வந்தது. சேர் மாலையும் கழுத்துமாக அரை மணித்தியாலம் பேசினார். அறையும் கிடைத்தது, மின்விசிறியோடு.

முதல் வியாழக்கிழமை, செய்ததைத் திருத்திவிடும் அவசரத்தில், ருஷ்தா அதே தென்னம்பிள்ளைக் கணக்கைப் பலகையில் எழுதினாள். "அஸ்னா, இப்ப நீங்க சொல்லுங்க பாப்பம்."

அஸ்னா எழும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை.

"ஆருக்கு டீச்சர்?"

"என்ன ஆருக்கு?"

"விடை. ஒங்களுக்கா, பாக்க வாற ஆக்களுக்கா?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதப் பேனையைத் திறந்து வைத்திருந்தாள்.