இரண்டு கேன் டீசல்

2023 மே 19, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபது. கத்திரி வெயில், காற்று துளியும் இல்லை. புதுவாயல் கூட்டுரோட்டுக்கு முந்நூறு அடி இருக்கும்போது எங்கள் வேன் இரண்டு முறை குலுங்கி நின்றது. திருவள்ளூரில் வீட்டை விட்டுக் கிளம்பி நாற்பத்தொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பின்னால் கட்டிலில் படுத்திருந்த என் மனைவி, "நின்னுடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. பஸ், ரயில், கார் எதுவும் ஆகவில்லை. நெல்லூரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கோ முழங்கால் இரண்டும் போய்விட்டது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்காகவே அந்தப் பழைய டீசல் வேனை வாங்கினேன். பன்னிரண்டு சீட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சின்ன அடுப்பு, மூலையில் கழிப்பறை என்று வைத்தேன்.

நெல்லூருக்கு அது மூன்றாவது புறப்பாடு. முதல் தடவை பெரியபாளையத்தில் நின்றது. இரண்டாம் தடவை ஆரம்பாக்கத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது. "என் அக்கா ஊர் பேரைக் கேட்டாலே இதுக்கு ஆவறதில்ல" என்பாள். ஒரு மெக்கானிக் பில்டரை மாற்றினார், ஒருவர் பம்பைக் கழற்றினார், ஒருவர் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றினார். வண்டியை விற்றவனைத் திட்டினேன். எத்தனையாவது கிலோமீட்டரில் நின்றது, எத்தனை தரம் சாவியைத் திருப்பினேன் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைக் கூட்டுரோட்டுப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார்கள். பட்டறைக்காரர் தடாவிலிருந்து வந்து தொழில் செய்பவர், ஐம்பது வயதிருக்கும். பில்டரைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். மேலே டீசல், அடியில் நான்கு விரற்கடைக்குத் தெளிந்த தண்ணீர்.

"இன்னா நைனா, எந்த பங்க்ல போட்டுக்கினு வந்தே? டேங்க்ல மீன் வளக்கிறியா?"

"பங்க் டீசல்தான். பில் இருக்குது."

"அப்பிடியே பங்க்லேர்ந்து டேங்க்குக்கா?"

வேனிலிருந்த இரண்டு கேனையும் இறக்கி அவர் முன்னால் வைத்தேன். கேனிலிருந்து ஊற்றியிருந்தேன்.

ஆந்திராவில் டீசல் லிட்டருக்கு நாலு ரூபாய்க்கு மேல் அதிகம். லாரிக்காரர்கள் எல்லையைத் தாண்டுமுன் ஆரம்பாக்கத்தில் டேங்கை நிரப்பிக்கொள்வதை வேலைக்குப் போன காலமெல்லாம் பார்த்தவன். திரும்பி வரவும் இங்கத்திய டீசலே இருக்கட்டும் என்று, முதல் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே இருபது லிட்டர் கேன் இரண்டை நிரப்பி வைத்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், புதிது பின்னால் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் கேனில் இருந்த பழைய டீசலை டேங்கில் ஊற்றிவிட்டு, கேனில் புதிதைப் பிடித்து வைப்பேன். வீட்டுக்குப் பின்னால் தகரத்தின் கீழ் மாதக்கணக்கில் அவை கிடக்கும். மழை ஒழுகி மூடிமேல் தேங்கும். மூடிக்குள் இருந்த ரப்பர் வெடித்திருந்ததை அன்று பட்டறையில்தான் பார்த்தேன். வண்டி நின்ற கணக்கு ஒரு நோட்டு, கேன் கணக்கு வேறு நோட்டு. இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

டேங்கை இறக்கிக் கழுவ நாலு மணி நேரம் ஆனது. வேனை விட்டு அவளை இறக்க முடியாது. படுக்க வேறு இடம் இல்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று மின்விசிறியை நானே நிறுத்தினேன். பேட்டரி வேண்டுமானால் வேறு கிடைத்திருக்கும், பட்டறையிலேயே நாலைந்து இருந்தன. அது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து டீக்கடை அம்மாள் ஈரத் துண்டு கொடுத்தார். அதை நெற்றியில் போட்டுக்கொண்டு அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கேனையும் நாலு ரூபாயையும் பற்றி வெளியே மெக்கானிக்கும் நானும் பேசியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மூன்று நாற்பதுக்கு இன்ஜின் ஒரே திருப்பலில் பிடித்தது. "இப்பக் கிளம்பினா ஏழுக்குள்ள போயிடலாம்" என்றேன்.

"போனைக் குடுங்க" என்றாள்.

"அக்கா, சோறு வடிச்சிட்டியா? நீ சாப்புடு. நாங்க வரல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. நல்லாதான் கீது."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நாலு ரூபாக்கா?" என்றாள். "ஊட்டுக்குப் போலாம்ங்க."

அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. நாற்பது கிலோமீட்டர், ஐம்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். "அப்பிடியா" என்பாள். கோபமில்லை, ஏறவும் இல்லை. பொங்கலுக்குக் கேட்டேன், அக்காவின் பேத்திக்குக் காது குத்தியபோது கேட்டேன். "போன்ல பேசிக்கிறேன், வுடுங்க" என்றாள். மூன்றாம் முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ஆர்.கே.பேட்டையிலிருந்து காய்கறி வியாபாரி ஒருவர் வந்து வேனை எடுத்துப் போனார். கட்டிலை இங்கேயே கழற்றி வைத்துவிட்டார். வாங்கியது நாலு லட்சத்துப் பத்தாயிரம், உள்வேலை ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம், ரிப்பேர் அறுபத்தோராயிரத்து நானூறு. விற்றது மூன்று லட்சத்து இருபத்தைந்தாயிரம். அவள் நெல்லூர் போகாமல் இருப்பதற்கு நான் செலவழித்தது இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.