தின்னவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன்

எங்கள் தோட்டத்தில் வளர்ந்த ஆட்டை எங்கள் அப்பா ஒருநாளும் தின்றதில்லை. நோம்பி, திருவிழா என்று கிடாய் வெட்ட வேண்டுமென்றால், எங்கள் பட்டியிலிருந்து ஒன்றை அடுத்த தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் பட்டியிலிருந்து ஒன்றை ஓட்டி வருவார். அந்த மனிதருக்கும் தான் வளர்த்ததை அறுக்க மனசு வராது. அன்று இரண்டு வீட்டிலும் குழம்பு கொதிக்கும். யாருக்கும் உறுத்தல் இருக்காது.

தம்பிக்கு வேறு கணக்கு. அவன் தாராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்திலேயே கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள், இவன் வளர்த்துக் கொடுப்பான். அந்தக் கோழியில் ஒரு துண்டைக்கூட அவன் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. "அது வளர்ற வேகத்தக் கண்ணுல பாத்தவன் திங்கமாட்டானுங்க்கா" என்பான். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் ஊருக்குள் போய் நாட்டுக்கோழி பிடித்து வருவான்.

மாடு மட்டும் எங்கள் வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்கவே தேவையில்லாத விஷயம். பால் குடித்த மாட்டைத் தின்பதா? அதற்குமேல் பேச்சே கிடையாது.

நான் கல்யாணம் செய்துகொண்டு வந்த வீடு கோயமுத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் மாமியார் மாட்டுக்கறி வறுவல் செய்வார். மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு அவர் வறுக்கும் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். எனக்குத் தனியாகக் கோழியோ மீனோ செய்து வைத்துவிடுவார். அதற்கென்றே தனிச் சட்டி வாங்கி வைத்திருந்தார். ஒரு தடவைகூட "சாப்பிட்டுத்தான் பாரேன்" என்று சொன்னதில்லை. அவருக்கும் ஒரு விலக்கு இருந்தது. புறாவைத் தொடமாட்டார். "பரிசுத்த ஆவி புறா ரூபத்துலதான் வந்தாரு கண்ணு. அதைப் போய் எப்பிடி?" என்பார். என் கணவருக்கு எதுவும் ஆகும், ஆனால் தலையைப் பார்க்கக்கூடாது. தலையோடு மீன் தட்டில் வந்தால் தட்டையே தள்ளி வைத்துவிடுவார்.

இப்படி ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டு நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

அப்பா தவறிப்போன அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். தோட்டத்தில் இருந்த செவலைப் பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, ரெண்டு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை, இந்த வாரம் சந்தைக்கு ஓட்டுகிறேன் என்றான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் வழக்கமாக நடப்பதுதான்.

"என்ன கண்ணு, ஊர்ல என்ன?" என்று மாமியார் கேட்டார். சொன்னேன்.

"எந்தச் சந்தைக்கு?"

"பொள்ளாச்சிக்குங்க அத்தை. அங்கதான் விலை படியும்."

"கறவை நின்ன மாடுன்னா? அங்கிருந்து எங்க போவும்?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அவர் தட்டில் வறுவல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேலியெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "நீங்க விக்கறீங்க. நாங்க வாங்கித் திங்கறோம். இதுல எது கண்ணு பாவம்?"

என் கணவர், "அம்மா, சும்மா இருங்க" என்றார்.

"தப்பாக் கேட்டுட்டனா? தெரியாமத்தான் கேக்கறேன்."

எனக்கு முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டேன். ஆனால் அடுத்த மூன்று நாளும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே உட்கார்ந்திருந்தது. அந்தச் செவலையின் பாலில்தான் அப்பாவுக்குக் கடைசி மாதங்களில் கஞ்சி காய்ச்சினோம். வேறு எதுவும் அவருக்கு இறங்கவில்லை. நான் லீவு போட்டுப் போய் அவரோடு இருந்த நாட்களில் விடியற்காலையில் நானேதான் கறப்பேன். முரடு. மற்றவர்கள் கிட்டப் போனால் உதைக்கும். என்னிடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாக நிற்கும்.

சந்தைநாள் காலையில் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. அந்த மாடு எங்கே போகிறது என்று தெரியாத மாதிரி இனிமேல் இருக்க முடியாது.

சந்தையில் தம்பியைக் கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று. சேறும் சாணியும் மிதித்துக்கொண்டு, மாடுகளுக்கு நடுவில் புகுந்து போனேன். செவலையைத்தான் முதலில் பார்த்தேன். கொம்புக்குப் புதுக் கயிறு போட்டிருந்தான். குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் வைத்திருந்தான்.

"நீங்க எங்கீங்க்கா இங்க?" என்றான் தம்பி. முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்தில் பாலக்காட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவர் நின்றிருந்தார். வயசானவர், தோளில் துண்டு. பேச்சு முடிகிற நிலையில் இருந்தது. அப்போது தம்பி, எங்கள் அப்பா எத்தனையோ மாடுகளை விற்கும்போது கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். "வளக்கத்தானுங்களே?"

வியாபாரி "ஆமாங்க, வளக்கத்தான்" என்றார்.

சின்ன வயசில் அப்பாவோடு சந்தைக்குப் போனபோதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அப்பா கயிற்றைக் கைமாற்றுவார். கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

நான் குறுக்கே போனேன். "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. வளக்கறதுக்கா வாங்கறீங்க?"

அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, சலிப்புத்தான். "உங்களுக்கு என்ன சொல்லணும்னு சொல்லுங்கம்மா, அதையே சொல்றேன்" என்றார்.

எனக்கு அது போதும். தம்பியின் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தேன்.

"உடுங்க்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மாட்டை விக்க வேண்டாம்."

"விக்காம? தண்ணி இல்ல, சோளத்தட்டு இல்ல. பாலும் இல்லாம சினையும் இல்லாம சும்மா நிக்கற மாட்டுக்கு ஆரு தீனி போடறது? நீங்க கோயமுத்தூர்ல ஃபேனுக்கடியில உக்காந்துட்டுச் சொல்லிருவீங்க." அவன் குரல் உயர்ந்தது. "மாட்டைத் திங்கற ஊட்டுல வாழ்க்கப்பட்டுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. "அவங்க திங்கறோம்னு சொல்லிட்டுத் திங்கறாங்க தம்பி. நாம திங்கமாட்டோம்னு சொல்லிட்டு இங்க ஓட்டிட்டு வர்றோம். எனக்கு ரெண்டுல ஒண்ணுதான் முடியும். இனிமே நானும் தின்னோணும், இல்லீன்னா விக்காம இருக்கோணும். என்னால திங்க முடியாது. தீனி நான் போடறேன்."

"எங்க வெச்சுப் போடுவீங்க? அபார்ட்மெண்ட்லயா?"

வாய்க்காலை ஒட்டி அப்பா என் பேரில் எழுதி வைத்த தென்னந்தோப்பு ஒரு துண்டு இருந்தது. அதுவரை தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ற தோப்புல கட்டறேன்" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு யோசனையே எனக்கு இருந்ததில்லை.

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். வந்த டெம்போவிலேயே மாட்டைத் திரும்ப ஏற்றினோம். நான் பின்னால் மாட்டோடு நின்றுகொண்டு வந்தேன். தாராபுரம் வரைக்கும் தம்பி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.

சொல்லிவிட்டேனே ஒழிய, செய்வது லேசாக இல்லை. தோப்பில் தகரக் கொட்டாய் போட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா காலையும் மாலையும் தண்ணி காட்டி, தட்டு போடச் சம்மதித்தார். சனிக்கிழமை தோறும் நான் போய்விடுவேன். சாணி அள்ளி, தொட்டி கழுவி, வாரத்துக்கான தீனியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவேன். ஊரில் சிரித்தார்கள். "பென்சன் வாங்கற மாடு" என்று பேர் வைத்தார்கள். தம்பி அந்தப் பக்கமே வரவில்லை. நான் வருவதைப் பார்த்தால் வண்டியை வேறு வழியில் திருப்பிக்கொண்டு போவான். பொங்கலுக்குக்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. விட்டுக்கொடுத்துவிடலாமா என்று நான் யோசிக்கவே இல்லை என்று சொல்லமுடியாது. யோசித்தேன். யோசித்துவிட்டு அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

ஒரு தடவை மாமியாரும் கூட வந்தார். வரும் வழியில் இறங்கி அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். செவலைக்கு முன்னால் பயந்து பயந்து நின்று நீட்டினார். அது வெடுக்கென்று பிடுங்கித் தின்றது.

"இதப் பாத்ததுக்கப்புறம் நான் கறி திங்கறதை உட்டுருவேன்னு நினைச்சியா கண்ணு?" என்றார்.

"இல்லீங்க அத்தை."

"உடமாட்டேன்" என்றார். "ஆனா நீ அன்னிக்கு என்ற மேல கோவப்பட்டுட்டு உக்காந்திருக்கலாம். உக்காரல. அது எனக்குப் புடிச்சிருக்குது." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அப்ப நம்மூட்டுக் காப்பிக்கு ஊத்தற பாலு? அந்த மாடெல்லாம் கடைசில எங்க போவுதுன்னு விசாரிச்சியா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கும் அதற்கு முன்பே வந்திருந்தது. அவர் வாய்விட்டுக் கேட்ட அன்றைக்கே பால் காப்பியை விட்டேன். வரக்காப்பிதான் குடிக்கிறேன். தயிரை மட்டும் விட முடியவில்லை. விட முயற்சி செய்து, இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். கோழியும் மீனும் தின்கிறேன். அதற்கு என்ன நியாயம் என்று யாராவது கேட்டால் முழுசாகச் சொல்ல என்னிடம் இல்லை. என்னால் பிடித்துக்கொள்ள முடிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதை விடுவதாக இல்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது கோடையில் செவலை படுத்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. தண்ணி காட்டும் அம்மா கூப்பிட்டுச் சொன்னதும் நானும் கணவரும் காரில் போனோம். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "தூக்கி நிறுத்தோணுங்க. ஒரே பக்கமாப் படுத்திருந்தா புண்ணு வந்து போயிரும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சாக்கை வயிற்றுக்கடியில் கொடுத்து இழுத்துப் பார்த்தோம். அசையவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணவரின் சட்டை முழுக்கச் சாணி. ஆனாலும் மனிதர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. தம்பி வந்தான். கிணற்று மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக்கையும் மூன்று இரும்புக் குழாய்களையும் எடுத்து வந்திருந்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குழாய்களை முக்காலியாக நட்டு, செயினை மாட்டி, சாக்கின் இரண்டு முனையையும் கொக்கியில் கோத்தான். "மச்சான், நீங்க வாலுப் பக்கம் புடிங்க. அக்கா, தலையப் புடிங்க" என்றான். மெள்ள மெள்ள இழுத்தான். செவலை நடுங்கிக்கொண்டே நின்றது. நின்றதும் முதல் வேலையாக அவன் முழங்காலில் ஒரு உதை விட்டது.

"கொழுப்பு இன்னும் கொறையல பாருங்க" என்றான். பிடி, இழு என்று வேலை சொன்னதைத் தவிர, ஒன்றரை வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதன் பிறகு நான் வராத நாட்களில் அவனே போய்ப் பார்த்தான். மாடு ஐப்பசி வரைக்கும் இருந்தது. மழை விட்ட ஒரு காலையில் படுத்த இடத்திலேயே போய்விட்டது. தோப்பின் ஓரத்தில் குழி தோண்டி, உப்பு போட்டுப் புதைத்தோம். எங்கள் தோட்டத்து மாடு ஒன்று எங்கள் மண்ணுக்குள் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துக்கம் இருந்தது. கூடவே, சொன்னதைச் செய்து முடித்த ஒரு திடமும் இருந்தது.

கொட்டாயைப் பிரிக்கலாம் என்று ஆட்களைக் கூப்பிட இருந்தபோது தம்பி போன் செய்தான். அவனுடைய கருப்புப் பசுவும் கறவை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசினான். பண்ணையைப் பற்றி, மழையைப் பற்றி. பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"அந்தக் கொட்டாயைப் பிரிக்காதீங்க்கா. நானும் யோசிச்சுப் பாத்தனுங்க. சந்தைக்கு ஓட்ட மனசு வரல. ஆனா என்னால முழுசாச் சமாளிக்க முடியாதுங்க. பாதித் தீனி நீங்க போடுவீங்களா?"

"போடறேன். ஆனா வாரத்துல மூணு நாளு சாணி நீதான் அள்ளோணும்."

"அள்ளறனுங்க."

போன சனிக்கிழமை கருப்பியைக் கொண்டுவந்து கட்டினோம். புது இடம் என்று மிரண்டு, இழுத்த இழுப்பில் தீனித்தொட்டியின் ஒரு பக்கச் சுவரை இடித்துவிட்டது. கொத்தனார் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சிமெண்டும் மணலும் இறக்கித் தரும் வேலை தம்பியுடையது. சோளத்தட்டு லோடுக்கு நான் சொல்லிவிட்டேன்.